அம்மாவின் வாழ்க்கைக் குறிப்பு: நர்ஸ், ஆயரம்மா, எங்கள் தாய். எப்படி எழுதுவது?

மூத்தமகள் எழுதியது:

எல்லோருக்கும் வணக்கம். எங்கள் அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்துவிட்டார். அடக்க ஆராதனை முடிந்துவிட்டது. அடுத்து வரும் நினைவு ஆராதனையில் வாசிக்க வாழ்க்கைக் குறிப்பு எழுதும் பொறுப்பை வீட்டில் என்னிடம் கொடுத்திருக்கிறார்கள்.

சபையிலிருந்து ஒரு மாதிரியை அனுப்பினார்கள். ஆயருக்கு (போதகரான அப்பாவுக்கு) ஏற்ற துணையாக நின்றார், பெண்கள் ஐக்கியத்தை நடத்தினார், ஞாயிறு பள்ளியில் பாடம் எடுத்தார், பிள்ளைகளைக் கர்த்தருக்குப் பயந்து வளர்த்தார் என்று இருக்கிறது. ஒன்றும் பொய் இல்லை. ஆனால் திருமணத்துக்கு முன்பே தொடங்கி, ஓய்வு பெறும்வரை அவர் பார்த்த நர்ஸ் வேலை அதில் கடைசி வரியாக வந்து போகிறது. அப்பா இடம் மாறிய ஒவ்வொரு முறையும் அம்மா வேறொரு மருத்துவமனையில் முதலிலிருந்து தொடங்கினார். புது வார்டு, புது டாக்டர்கள், புது டியூட்டி அட்டவணை. வாழ்நாளில் பாதிக்குமேல் சீருடையில் கழிந்தது. அதற்கு ஒரு வரிதானா?

இன்னொரு சிக்கலும் உண்டு. அப்பா ஓய்வுபெற்ற போதகர். "லுத்தரன் ஆராதனையில் கிறிஸ்துவைப் பற்றித்தான் பேச வேண்டும், செத்துப்போனவர்களைப் புகழக் கூடாது, உங்கள் அம்மாவும் அதைத்தான் சொல்லியிருப்பாள்" என்கிறார். அவர் சொல்வதும் எனக்குப் புரிகிறது. இரண்டுக்கும் நடுவில் நிற்கிறேன். எழுதிப் பழகியவர்கள் வழி சொல்லுங்கள்.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

மகளே, முதலில் என் ஆழ்ந்த அனுதாபம். நானும் வார்டு சிஸ்டராக இருந்து ஓய்வு பெற்றவள்.

ஒன்று சொல்கிறேன். வீட்டில் இருப்பவர்களுக்கு நர்ஸ் வேலையின் பாதிதான் தெரியும். அம்மா களைத்து வந்ததைப் பார்த்திருப்பீர்கள், எதனால் களைத்தார் என்பதைப் பார்த்திருக்க மாட்டீர்கள். அதனால் அவரோடு வேலை பார்த்தவர்களில் ஒருவரையாவது கூப்பிட்டுப் பேசுங்கள். "நல்லவங்களா இருந்தாங்களா" என்று கேட்காதீர்கள், எல்லோரும் ஆமாம் என்றுதான் சொல்வார்கள். டியூட்டி ஒப்படைக்கும்போது எப்படிச் சொல்வார், புதிதாக வந்த பிள்ளைகளுக்கு எதை முதலில் கற்றுக்கொடுப்பார், எதற்குக் கோபப்படுவார், இதையெல்லாம் கேளுங்கள். நல்ல நர்ஸ் யார் என்பது அங்கேதான் தெரியும். படுக்கைப்புண் வராமல் நோயாளியை நேரத்துக்குத் திருப்பிப் போட்டாரா, மருந்து கொடுக்கும் முன் பெயரை ஒருநாளும் தவறாமல் சரிபார்த்தாரா, சாகப்போகிறவர் பக்கத்தில் உட்கார நேரம் கண்டுபிடித்தாரா. அன்பானவர் என்று எழுதினால் யாருக்கும் பொருந்தும். இவற்றில் ஒன்றை எழுதினால் உங்கள் அம்மாவுக்கு மட்டும் பொருந்தும்.

---

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

அம்மா, உங்கள் அப்பா சொல்வது சரியான அடிப்படை. அடக்கத்திலும் நினைவு ஆராதனையிலும் பிரசங்கம் என்பது சிலுவையையும் உயிர்த்தெழுதலையும் பற்றியதே. இறந்தவருடைய நற்செயல்களைக் காட்டி அவர் பரலோகம் போனார் என்று நிரூபிக்கப் பார்த்தால், அவரே பற்றியிருந்த விசுவாசத்துக்கு எதிராகப் பேசுகிறோம்.

ஆனால் அதற்காக வாயை மூடிக்கொள்ளச் சொல்லி நம் அறிக்கைகள் சொல்லவில்லை. 1530-இல் வாசிக்கப்பட்ட, லுத்தரன் சபைகளின் அடிப்படை அறிக்கையான அவுக்ஸ்புர்க் விசுவாச அறிக்கையின் 21-ஆம் பிரிவு பரிசுத்தவான்களைப் பற்றியது. அவர்களிடம் வேண்டுதல் செய்வதை அது மறுக்கிறது. அதே நேரத்தில் அவர்களை நினைவுகூரலாம், அவரவர் தம் அழைப்புக்கு ஏற்றபடி அவர்களுடைய விசுவாசத்தையும் நற்செயல்களையும் பின்பற்றலாம் என்றும் சொல்கிறது. அந்த அறிக்கைக்கு ஆதரவாக லுத்தரின் உடனுழைப்பாளர் மெலாங்க்தன் எழுதி 1531-இல் வெளிவந்த விளக்கத்தில் இது இன்னும் தெளிவாக இருக்கிறது. பரிசுத்தவான்களுக்கு மூன்று விதத்தில் மரியாதை செய்யலாம் என்கிறார்: இப்படிப்பட்டவர்களைக் கொடுத்ததற்காகக் கடவுளுக்கு நன்றி சொல்வது, அவர்களுக்குக் கிடைத்த இரக்கத்தைப் பார்த்து நம் விசுவாசம் உறுதிப்படுவது, அவர்களைப் பின்பற்றுவது.

நன்றி சொல்ல வேண்டுமென்றால் எதற்கு நன்றி என்று தெரிய வேண்டுமே! ஆகவே விவரமாக எழுதுங்கள். உங்கள் அப்பாவிடம் இந்த 21-ஆம் பிரிவைப் பற்றிப் பேசிப் பாருங்கள். போதகர் அல்லவா, அவர் மறுக்க மாட்டார்.

---

குருமனைப்பிள்ளை எழுதியது:

நானும் குருமனையில், அதாவது போதகர் குடும்பம் வசிக்கும் வீட்டில், வளர்ந்தவன்தான். கொஞ்சம் வேறு மாதிரி சொல்லப்போகிறேன், யாரும் தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம்.

எங்கள் அம்மாவுக்கும் இப்படி ஒரு குறிப்பு எழுதினார்கள். "முகம் சுளிக்காத ஆயரம்மா" என்று. அதைக் கேட்டபோது எனக்கு அழுகை வரவில்லை, கோபம்தான் வந்தது. அம்மா முகம் சுளித்தார். கதவைத் தட்டாமல் உள்ளே வந்தவர்களைப் பார்த்துச் சுளித்தார். எங்கள் உடையைப் பற்றி, எங்கள் மதிப்பெண்ணைப் பற்றிச் சபையில் பேசியபோது சுளித்தார். ஆயருக்கு ஒரு சம்பளம் கொடுத்துவிட்டு இரண்டு பேரிடம் வேலை வாங்குகிற வழக்கம் பல சபைகளில் உண்டு. அதையும் தாங்கிக்கொண்டு அவர் அன்பு செய்தார் என்பதுதான் பெரிய விஷயம். சிரமத்தை அழித்துவிட்டால் அன்பின் எடையும் போய்விடும்.

உங்கள் அம்மா நர்ஸாகவும் இருந்திருக்கிறார். இரவு முழுக்க நின்றுவிட்டு, காலையில் பெண்கள் ஐக்கியக் கூட்டத்துக்கு வந்து உட்கார்ந்திருப்பார். அந்தக் களைப்பையும் எழுதுங்கள் அக்கா.

---

மூத்தமகள் எழுதியது:

தம்பி, உண்மையைச் சொல்லிவிட்டீர்கள். நைட் டியூட்டி முடித்து ஞாயிறு ஆராதனைக்கு நேராக வந்து, பிரசங்கத்தின்போது கண் சொக்கி உட்கார்ந்திருப்பார். அதைப் பற்றிப் பேசியவர்கள் உண்டு. அப்பா ஒருமுறை பீடத்திலிருந்து இறங்கி வந்து, "அவள் இராத்திரி முழுக்க விழித்திருந்தது வேறு யாருக்காகவும் இல்லை, படுக்கையில் கிடந்தவர்களுக்காக" என்று அவர்களிடமே சொன்னார். அதோடு அந்தப் பேச்சு நின்றது.

போதகர் ஐயா, நீங்கள் சொன்னதை அப்பாவிடம் வாசித்துக் காட்டினேன். ஒன்றும் சொல்லாமல் அலமாரியிலிருந்து அந்தப் புத்தகத்தை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

---

நூலகத்து மூலை எழுதியது:

வரலாறு படிக்கிறவன் என்ற முறையில் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். நர்ஸ், ஆயரின் மனைவி, தாய் என்ற மூன்றும் ஒருவரிடத்தில் சேர்வது லுத்தரன் மரபில் தற்செயல் இல்லை. முதல் குருமனையிலேயே அது இருக்கிறது.

காத்தரினா ஃபான் போரா மடத்தைவிட்டு வெளியே வந்தவர். 1525 ஜூன் 13 அன்று சீர்திருத்தவாதி மார்ட்டின் லுத்தரை மணந்தார். 1527 கோடையில் அவர்கள் வாழ்ந்த ஜெர்மனியின் விட்டன்பர்க்கில் கொள்ளைநோய் பரவியபோது பல்கலைக்கழகத்தையே யேனாவுக்கு மாற்றினார்கள். லுத்தரும் நகரப் போதகர் புகன்ஹாகனும் ஊரைவிட்டுப் போகவில்லை. லுத்தரின் வீடே மருத்துவமனை போல ஆயிற்று. அந்த வீட்டில் நோயாளிகளைப் பராமரித்தவர் காத்தரினா. அப்போது அவர் வயிற்றில் குழந்தை. டிசம்பரில் எலிசபெத் பிறந்தாள், அடுத்த ஆகஸ்டில் இறந்துபோனாள். ஆறு பிள்ளைகளில் இன்னொரு மகள் மக்தலேனா 1542-இல் 13 வயதில் இறந்தாள். மகன் பவுல் பின்னாளில் மருத்துவர் ஆனார்.

அதே 1527-இல்தான் கொள்ளைநோய்க்குப் பயந்து ஓடலாமா என்று பிரெஸ்லாவ் நகரப் போதகர்கள் கேட்டதற்கு லுத்தர் பதில் எழுதி வெளியிட்டார். நர்ஸாக இருக்கும் ஒவ்வொருவரும் வாசிக்க வேண்டியது அது. போதகர்களும் ஊர்ப் பொறுப்பில் இருப்பவர்களும் இடத்தைவிட்டு நகரக் கூடாது, நோயாளியைக் கவனிக்க வேறு ஆள் இல்லாதபோது அக்கம்பக்கத்தாரும் நகரக் கூடாது என்கிறார். கவனிக்கப் போதுமான ஆள் இருந்தால் மற்றவர்கள் போகலாம், அது பாவம் இல்லை. இன்னொரு பக்கம், மருந்து சாப்பிட மறுத்து, சுத்தம் பேணாமல், கடவுள் பார்த்துக்கொள்வார் என்று அலைகிறவர்களைக் கடுமையாகக் கண்டிக்கிறார். வீட்டுக்குப் புகை போடு, மருந்து எடு, தேவையில்லாத இடத்துக்குப் போகாதே, ஆனால் அயலானுக்கு நீ வேண்டும் என்றால் போ. "வியாதியாயிருந்தேன், என்னை விசாரிக்க வந்தீர்கள்" என்ற வசனத்தை அங்கே எடுத்துவைக்கிறார். படுக்கையில் கிடப்பவரிடம் போவது கிறிஸ்துவிடமே போவது.

அடுத்து 19-ஆம் நூற்றாண்டு. ரைன் நதிக்கரையில் கைசர்ஸ்வெர்த் என்ற சிற்றூர். தியோடோர் ஃப்ளீட்னர் என்ற போதகரும் அவருடைய மனைவி ஃப்ரீடெரிக்காவும் 1836-இல் அங்கே மருத்துவமனையோடு சேர்ந்த ஒரு டீக்கனஸ் (நோயாளர் பராமரிப்பு போன்ற சேவைக்குத் தங்களை ஒப்புக்கொடுத்த சபைப் பெண் ஊழியர்) இல்லத்தைத் தொடங்கினார்கள். ரோமர் 16-இல் வரும் சபை ஊழியக்காரி பெபேயாள்தான் அவர்களுக்கு முன்மாதிரி. முதல் டீக்கனஸ் கெர்ட்ரூட் ரைக்கார்ட், மருத்துவர் ஒருவரின் மகள். புத்தகங்களில் பெரும்பாலும் ஃப்ளீட்னரின் பெயர்தான் முன்னால் நிற்கிறது. ஆனால் அந்தப் பெண்களைப் பயிற்றுவித்து இல்லத்தை அன்றாடம் நடத்தியதில் பெரும்பங்கு ஃப்ரீடெரிக்காவுக்கு உண்டு. பிள்ளைப்பேறும், பிள்ளைகளைப் பறிகொடுத்ததும், நிர்வாகமும் எல்லாம் சேர்ந்து நடந்தன. 1842-இல் 42 வயதில் இறந்தார். அடுத்த ஆண்டு ஃப்ளீட்னர் மணந்த கரோலினா பெர்த்தோவும் ஹாம்பர்க் மருத்துவமனையில் நோயாளர் பராமரிப்பை மேற்பார்த்தவர். கணவர் 1864-இல் இறந்தபின் 1883 வரை அவரே இல்லத்தின் பொறுப்பில் இருந்தார். ஃப்ளாரன்ஸ் நைட்டிங்கேல் 1851-இல் பயிற்சிக்குப் போய்த் தங்கியது இந்த இல்லத்தில்தான். கைசர்ஸ்வெர்த் இருந்த பிரஷ்ய சபை லுத்தரன், சீர்திருத்த சபை இரண்டும் இணைந்த சபை என்பதையும் சொல்லிவிட வேண்டும். முழுக்க லுத்தரன் என்றால் 1854-இல் வில்ஹெல்ம் லோஹே நோயென்டெட்டல்சாவில் தொடங்கிய டீக்கனஸ் இல்லத்தைச் சொல்லலாம். நார்வேயின் முதல் பயிற்சி பெற்ற நர்ஸ் என்று போற்றப்படும் காத்திங்கா குல்பெர்க் கைசர்ஸ்வெர்த்தில் பயின்று, 1868-இல் தம் நாட்டின் டீக்கனஸ் இல்லத்துக்குத் தலைவியானார்.

ஒன்றைக் கவனியுங்கள். அந்தக் கால டீக்கனஸ்கள் மணமாகாதவர்கள். மணம் செய்தால் அந்தப் பணியைவிட்டு வெளியேற வேண்டியிருந்தது. மருத்துவமனைகளும் பல நாடுகளில் 20-ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதிவரை மணமான பெண்களை நர்ஸ் வேலையில் வைத்துக்கொள்ளத் தயங்கின. அதாவது நர்ஸா, மனைவியா என்று ஒரு பெண்ணைத் தேர்ந்தெடுக்கச் சொன்ன காலம் நீண்டது. உங்கள் அம்மா இரண்டையும் விடவில்லை. கடைசி வரியில் போட வேண்டிய செய்தி இல்லை அது.

---

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

மிக்க நன்றி தம்பி. இதோடு ஒன்று சேர்க்கிறேன். 1522-இல் திருமண வாழ்க்கையைப் பற்றி லுத்தர் எழுதியதில், குழந்தையின் துணியைத் துவைக்கிற தகப்பனைப் பார்த்து ஊரார் சிரிக்கலாம், கடவுளோ தம் தூதர்களோடு மகிழ்ந்து புன்னகைக்கிறார், ஏனென்றால் அவன் அதை விசுவாசத்தோடு செய்கிறான் என்கிறார். துணி துவைப்பது, குழந்தையைத் தாலாட்டுவது, நோயாளியைக் குளிப்பாட்டுவது எல்லாம் அந்த வரிசைதான். மருத்துவமனையில் செய்தது உலகவேலை, பெண்கள் ஐக்கியத்தில் செய்தது ஊழியம் என்று பிரிப்பது நம்முடைய போதனை அல்ல. சபையின் மாதிரிக் குறிப்பில் நர்ஸ் வேலை கடைசிக்குப் போனதற்குக் காரணம் இந்தப் பிரிவினைதான் என்று நினைக்கிறேன்.

---

இளைய செவிலி எழுதியது:

நான் இப்போது பிரசவ வார்டில் வேலை பார்க்கிறேன். அக்காவிடம் ஒரு கேள்வி. அம்மா எப்போதாவது அவசர ஞானஸ்நானம் கொடுத்திருக்கிறார்களா? குழந்தை பிழைக்காது என்று தெரிந்து, போதகர் வர நேரமில்லாதபோது, பெற்றோர் கேட்டுக்கொண்டால் எந்தக் கிறிஸ்தவரும் கொடுக்கலாம் என்று நம் சபையில் இருக்கிறதே. எங்களுக்கு மூத்த ஒரு சிஸ்டர் செய்ததைப் பார்த்திருக்கிறேன். தண்ணீரும் வார்த்தையும் போதும். கை நடுங்காமல் செய்தார், அப்புறம் தனியாகப் போய் அழுதார். நினைவில் நிற்க வேண்டிய ஊழியம் அது.

---

மூத்தமகள் எழுதியது:

தங்கையே, அம்மா கொடுத்திருக்கிறார். எங்களிடம் விவரம் சொன்னதில்லை. ஆனால் அப்படிப்பட்ட நாளில் வீட்டுக்கு வந்ததும் அப்பாவிடம் பெயரை மட்டும் சொல்வார், அப்பா சபைப் பதிவுக்காகக் குறித்துக்கொள்வார். இருவரும் சிறிது நேரம் கதவைச் சாத்திக்கொண்டு ஜெபம் பண்ணுவார்கள். நாங்கள் சத்தம் போடாமல் இருக்க வேண்டும் என்பது வீட்டில் எல்லோருக்கும் தெரியும்.

இதை எழுதலாமா? எந்தக் குடும்பம் என்று எனக்கே தெரியாது.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

பெயர், ஆண்டு, மருத்துவமனை எதுவும் இல்லாமல் எழுதினால் எழுதலாம். ஆனால் மற்ற நோயாளிகளின் கதைகளில் கவனமாக இருங்கள் மகளே. நர்ஸாகக் கேட்டது, ஆயரம்மாவாகக் கேட்டது இரண்டையும் அவர் உள்ளே வைத்துக்கொண்டே போயிருக்கிறார். நினைவு ஆராதனையில் நன்றியோடு உட்கார்ந்திருக்கும் ஒருவர், தன் நோய் வாழ்க்கைக் குறிப்பில் வாசிக்கப்படுவதைக் கேட்கக் கூடாது. யாராவது தாங்களாகவே வந்து, "என்னைக் கவனித்தார்கள், சொல்லுங்கள்" என்றால் மட்டும் சேருங்கள். அதையும் அவர்களையே சொல்லவிடுவது இன்னும் நல்லது.

இன்னொன்று. கடைசிக் காலத்தில் அவரே நோயாளி ஆனாரா? அதைப் பற்றி எழுதும்போது நர்ஸ்கள் விரும்பாத ஒன்று உண்டு. வலியை எல்லாம் வரிசையாக விவரிப்பது. அவர் யாருக்கும் அப்படிச் செய்திருக்க மாட்டார்.

---

மூத்தமகள் எழுதியது:

சரி அம்மா. அந்தப் பகுதியை ஒரு வாக்கியமாகச் சுருக்கிவிட்டேன்.

அவரோடு வேலை பார்த்த ஒரு சிஸ்டரிடம் பேசினேன். நீங்கள் சொன்ன கேள்விகளையே கேட்டேன். ஒரு மணிநேரம் பேசினார். எங்களுக்குத் தெரியாத அம்மா ஒருவர் இருந்திருக்கிறார்! வரைவின் நடுப்பகுதியை இங்கே போடுகிறேன், பார்த்துச் சொல்லுங்கள்:

"அம்மா நர்ஸாக வேலை பார்த்தது குடும்பத்துக்காக மட்டும் அல்ல. நோயாளியின் படுக்கை அருகே கடவுள் தம்மை நிறுத்தியிருக்கிறார் என்று நம்பினார். புதிதாக வரும் செவிலியர்களுக்கு அவர் முதலில் கற்றுக்கொடுத்தது ஊசி போடுவது அல்ல, நோயாளியின் கண் மட்டத்துக்கு வந்து பேசுவது. மருந்து அட்டையைச் சரிபார்க்காமல் வந்தவரை, யாராக இருந்தாலும் திருப்பி அனுப்பினார். தமக்கென்று யாரும் இல்லாமல் இறப்பவர்களின் உடலைத் தாமே கழுவினார். இரவு டியூட்டி முடிந்து விடிந்தபின் வீட்டுக்கு வந்து படுக்கும்போது, லுத்தரின் ஞானோபதேசத்தில் உள்ள மாலை ஜெபத்தைச் சொல்வார். விடிந்துவிட்டதே என்று பிள்ளைகள் கேட்டால், எனக்கு இப்போதுதான் இரவு என்பார். ஜெபம் முடிந்ததும் மகிழ்ச்சியாய் உடனே தூங்கு என்று அதில் எழுதியிருப்பதையும் அப்படியே கடைப்பிடித்தார்.

அவர் களைத்தார். சில நாட்களில் எங்கள்மேல் எரிந்து விழுந்தார், பிறகு வந்து தலையைத் தடவி மன்னிப்புக் கேட்டார். மன்னிப்பினால் வாழ்கிறோம் என்று அப்பா பிரசங்கித்ததை நாங்கள் முதலில் புரிந்துகொண்டது அம்மாவிடமிருந்து. ஒவ்வொரு திருவிருந்துக்குப் பின்னும் சிமியோனின் வார்த்தைகளைச் சபையோடு பாடினார்: ஆண்டவரே, உமது வார்த்தையின்படி உமது அடியேனை இப்பொழுது சமாதானத்தோடே போகவிடுகிறீர். பல மரணப்படுக்கைகளில் அதையே மெல்லச் சொன்னார். அவருக்கு நாங்கள் சொன்னோம்."

---

குருமனைப்பிள்ளை எழுதியது:

எரிந்து விழுந்தார் என்ற வரியை யாராவது எடுக்கச் சொன்னால் எடுக்காதீர்கள் அக்கா. அதற்கடுத்த வரி அதனால்தான் நிற்கிறது.

---

நூலகத்து மூலை எழுதியது:

மிக நன்றாக இருக்கிறது. நான் எழுதிய வரலாறு எதையும் இதில் சேர்க்க வேண்டாம். அம்மாவே போதும்.

---

ஓய்வுபெற்ற போதகர் எழுதியது:

இதில் புகழ்ச்சி எதுவும் எனக்குத் தெரியவில்லை, நன்றிதான் தெரிகிறது. ஒரு சிறு ஆலோசனை மட்டும். வாழ்க்கைக் குறிப்பைப் பிரசங்கத்தின் இடத்தில் வைக்காதீர்கள். ஆராதனை தொடங்கும் முன்போ, ஆசீர்வாதத்துக்குப் பிறகோ வாசியுங்கள். நடத்தும் போதகரிடம் முன்கூட்டியே பேசிவிடுங்கள். பிரசங்கம் அவருடைய வேலை, அதில் அம்மாவின் ஞானஸ்நானத்திலிருந்து தொடங்கட்டும். "நர்ஸ்" என்ற பகுதியைத் திருமணத்துக்கு முன்னால் வையுங்கள், அதுதானே கால வரிசையும்.

---

மூத்தமகள் எழுதியது:

அப்படியே செய்கிறேன் ஐயா. வரிசையையும் மாற்றிவிட்டேன். இப்போது நர்ஸ் பயிற்சி, பிறகு திருமணம், குருமனை, நாங்கள் என்று போகிறது.

அப்பாவிடம் முழு வரைவையும் கொடுத்தேன். பென்சிலோடு உட்கார்ந்தார். ஒரு வரியையும் அடிக்கவில்லை. ஓரத்தில் ஒன்று எழுதிச் சேர்க்கச் சொன்னார்: சபைக் கமிட்டிக் கூட்டங்களின் தேதியை, அம்மாவின் டியூட்டி அட்டவணை வந்தபிறகுதான் எப்போதும் குறித்ததாக. அம்மா டியூட்டிக்குப் போகும் நேரத்தில் பிள்ளைகளோடு வீட்டில் இருக்க வேண்டியது தன் முறை என்பதால் அப்படிச் செய்தாராம். இத்தனை காலமும் இது சபையில் யாருக்கும் தெரியாது. சேர்த்துவிட்டேன்.

---

வெள்ளைத்தொப்பி எழுதியது:

அம்மாவோடு வேலை பார்த்தவர்களுக்கு ஆராதனை நேரத்தைத் தெரிவித்துவிடுங்கள் மகளே. டியூட்டியில் இருப்பவர்கள் மாற்றிக்கொண்டு வர இரண்டு நாளாவது முன்னதாகத் தெரிய வேண்டும்.